ஏஐ வரைந்த படம், ஏஐ எழுதிய வரி: பதிப்புரிமை யாருக்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எழுதுபவர்கள், வரைபவர்கள், பதிப்பகம் நடத்துபவர்கள், யூடியூப் சேனல் வைத்திருப்பவர்கள் என்று பலரும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கோத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். வழக்குகளும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பெரிய பணமோ ஒப்பந்தமோ சிக்கியிருந்தால் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். நிலவரம் புரிந்துகொள்ள இது போதும்.

முதலில், இது காப்புரிமையா பதிப்புரிமையா?

பதிப்புரிமை. செய்திகளிலேயே இந்த இரண்டும் குழம்பிக் கிடக்கின்றன. காப்புரிமை கண்டுபிடிப்புக்கு உரியது: புது மருந்து, புது இயந்திரம். விண்ணப்பம் போட்டு, அதை ஆராய்ந்து, அரசு தர வேண்டும். பதிப்புரிமை கதை, கவிதை, படம், இசை, மென்பொருள் போன்றவற்றுக்கு. எழுதி முடித்த நொடியில் தானாக வந்துவிடும். பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் இருக்கும் நாடுகளில் பதிவு கட்டாயம் இல்லை. அமெரிக்காவில் மட்டும், அந்நாட்டுப் படைப்புக்காக வழக்குப் போட வேண்டுமென்றால் முதலில் பதிவு செய்தாக வேண்டும். அதனால்தான் கீழே வரும் கதைகளில் பாதி அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் வாசலில் நடக்கின்றன.

ஏஐ உருவாக்கிய படத்துக்குப் பதிப்புரிமை உண்டா, இல்லையா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

ப்ராம்ப்ட் (ஏஐக்கு நாம் தட்டிக் கொடுக்கும் கட்டளை வரி) கொடுத்து, வந்ததை அப்படியே எடுத்துக்கொண்டீர்கள் என்றால், பல நாடுகளில் இல்லை.

ஒரே வரியோடு நிறுத்தினால் சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும். அதனால் ஒரு படத்தை எடுத்துப் பார்ப்போம். "மழை பெய்யும் இரவு, காலியான பேருந்து நிறுத்தம், சிவப்புக் குடையுடன் ஒரு பெண்" என்று தட்டுகிறீர்கள். நான்கு படங்கள் வருகின்றன. முதலாவதில் அவள் இடப்பக்கம் திரும்பி நிற்கிறாள். இரண்டாவதில் முதுகு மட்டும் தெரிகிறது. மூன்றாவதில் குடை மடக்கியிருக்கிறது, நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. நான்காவதில் தெருவிளக்கின் மஞ்சள் ஒளி, தேங்கிய நீரில் நீளமாகக் கிடக்கிறது. குடைக் கம்பி ஒன்று காற்றில் வளைந்திருக்கிறது. நான்காவது உங்களுக்குப் பிடித்துப்போகிறது.

நீங்கள் கேட்டது குடை. கம்பி வளைந்திருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. பார்த்த பிறகு பிடித்தது, அவ்வளவுதான். பதிப்புரிமை காப்பாற்றுவதோ அந்த வளைந்த கம்பியைத்தான். "மழையில் குடையோடு ஒரு பெண்" என்ற கருத்து யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் அதை வரையலாம். அந்தக் கருத்து எந்தக் கோட்டில், எந்த நிறத்தில், எந்த ஒளியில் வெளிப்பட்டதோ அதற்குத்தான் உரிமை. அந்தக் கோட்டையும் ஒளியையும் முடிவு செய்தது மனிதர் இல்லை என்றால், உரிமையை யார் தலையில் வைப்பது? சிக்கல் மொத்தமும் இங்கேதான்.

நான் ஒரு வரியோடு நிறுத்தவில்லை. நூற்றுக்கணக்கான ப்ராம்ப்ட் எழுதினேன். அந்த உழைப்புக்கு மதிப்பில்லையா?

ஜேசன் ஆலன் என்பவரும் இதையேதான் கேட்டார். 2022-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலக் கண்காட்சியில் டிஜிட்டல் ஓவியப் பிரிவில் முதல் பரிசு வாங்கியவர். அந்தப் படத்துக்காக மிட்ஜர்னி என்ற ஏஐ படக் கருவியில் குறைந்தது 624 முறை ப்ராம்ப்டைத் திருத்தியதாகச் சொன்னார். பிறகு ஃபோட்டோஷாப்பிலும் வேலை பார்த்திருந்தார். பதிப்புரிமை அலுவலகம், "மிட்ஜர்னி உருவாக்கிய பகுதியை விலக்கிவிட்டு மற்றதற்கு உரிமை கோருங்கள்" என்றது. அவர் மாட்டேன் என்றார். 2023 செப்டம்பரில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அவர் நீதிமன்றம் போனார்.

உழைத்ததற்காக மட்டும் பதிப்புரிமை வந்துவிடாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-இல் ஒரு தொலைபேசிக் கையேட்டு வழக்கிலேயே இதைச் சொல்லிவிட்டது: ஆயிரக்கணக்கான எண்களைச் சேகரிப்பது பெரிய உழைப்புதான், ஆனால் அகர வரிசையில் அடுக்குவதில் படைப்பு ஏதும் இல்லை. இந்திய உச்ச நீதிமன்றமும் 2007-இல், தீர்ப்புத் தொகுப்புகள் பற்றிய வழக்கில், உழைப்பு மட்டும் போதாது, குறைந்தபட்சப் படைப்பாற்றலாவது இருக்க வேண்டும் என்றது.

அமெரிக்க அலுவலகம் 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, இன்றைய கருவிகளில் ப்ராம்ப்ட் மட்டுமே போதிய கட்டுப்பாட்டைத் தருவதில்லை என்கிறது. ஒரே ப்ராம்ப்டை இரண்டு முறை கொடுத்தால் இரண்டு வேறு படம் வருகிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். 624 முறை கேட்டால் 624 முறை சீட்டு எடுத்த மாதிரி என்று இந்த வாதத்தைச் சுருக்கலாம். எனக்கு இது முழுக்க நியாயமாகப் படவில்லை. நூறாவது திருத்தத்தில் ஒருவருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்பது துல்லியமாகத் தெரிந்திருக்கும். ஆனால் தெரிந்திருப்பது வேறு, அதைக் கையால் கொண்டுவருவது வேறு என்கிறது சட்டம்.

கேமராவும் இயந்திரம்தானே? பொத்தானை அழுத்துபவருக்கு உரிமை தருகிறீர்களே?

நல்ல கேள்வி. கேமரா வந்த காலத்திலும் இதே சண்டை நடந்தது. ஆஸ்கார் வைல்டை எடுத்த ஒரு புகைப்படத்தை ஓர் அச்சு நிறுவனம் அனுமதியின்றி அச்சடித்துத் தள்ளியது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. "புகைப்படம் என்பது இயந்திரம் செய்வது, இதில் படைப்பாளர் எங்கே?" என்று நிறுவனம் கேட்டது. 1884-இல் நீதிமன்றம் புகைப்படக்காரர் பக்கம் நின்றது. அவரை எப்படி உட்காரவைப்பது, என்ன உடை, பின்னால் என்ன திரை, வெளிச்சம் எங்கிருந்து விழ வேண்டும் என்பதையெல்லாம் புகைப்படக்காரர் தீர்மானித்திருந்தார் என்பதுதான் காரணம்.

அந்தப் பட்டியலை நம் குடைப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிற்கும் கோணம், வெளிச்சம், பின்னணி எல்லாம் இயந்திரம் தேர்ந்தவை. கருவிகள் மாறினால் இந்த ஒப்பீடும் மாறும். நீங்களே வரைந்த கோட்டோவியத்தை உள்ளே கொடுத்து, அதன் கோடுகள் வெளியே வரும் படத்திலும் அப்படியே தெரிந்தால், தெரியும் அந்தப் பகுதிக்கு உங்களுக்கு உரிமை உண்டு என்று அதே 2025 அறிக்கை ஒப்புக்கொள்கிறது.

ஏஐயையே படைப்பாளர் என்று போட்டுவிட்டால்?

ஸ்டீஃபன் தேலர் என்ற கணினி அறிஞர் அதைத்தான் செய்தார். 2018-இல் அமெரிக்காவில் தன் மென்பொருளைப் படைப்பாளராகக் காட்டி ஒரு படத்துக்கு விண்ணப்பித்தார். அலுவலகம் மறுத்தது, 2023-இல் மாவட்ட நீதிமன்றமும், 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் மறுத்தன. மேல்முறையீட்டுத் தீர்ப்பின் வாதம் சுவையானது. சட்டம் படைப்பாளரின் ஆயுட்காலத்தை வைத்து உரிமைக்காலத்தைக் கணக்கிடுகிறது, வாரிசுகளைப் பற்றிப் பேசுகிறது, கையெழுத்தைக் கேட்கிறது. சாகாத, பிள்ளைகுட்டி இல்லாத, கையெழுத்துப் போடாத ஒன்றை அந்த இடத்தில் உட்காரவைக்க முடியாது.

விடாப்பிடியான மனிதர் அவர். இன்னொரு மென்பொருளைக் கண்டுபிடிப்பாளராகக் காட்டிக் காப்புரிமைக்கும் உலகம் சுற்றினார். 2023-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் மறுத்தது. தென்னாப்பிரிக்கா மட்டும் 2021-இல் கொடுத்தது.

இதற்கு முன்னோடி ஒரு குரங்கு வழக்கு. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் ஒரு கருங்குரங்கு புகைப்படக்காரரின் கேமராவில் தன்னைத் தானே படம் பிடித்துக்கொண்டது. குரங்குக்குத்தான் உரிமை என்று விலங்கு நல அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. 2018-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், விலங்குகள் அந்தச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடர முடியாது என்று முடித்துவைத்தது.

எல்லா நாட்டிலும் அமெரிக்கா சொல்வதுதான் சட்டமா?

இல்லவே இல்லை. பலர் ஏமாறுவது இங்கேதான்.

பிரிட்டனின் 1988 சட்டத்தில், மனிதப் படைப்பாளர் இல்லாமல் கணினி உருவாக்கியதற்கென்றே ஒரு பிரிவு உண்டு: அது உருவாகத் தேவையான ஏற்பாடுகளைச் செய்தவரே படைப்பாளர், பாதுகாப்பு 50 ஆண்டுகள். இன்றைய ஏஐயை யாரும் கனவிலும் காணாத காலத்தில் எழுதியது. அதை வைத்துக்கொள்ளலாமா நீக்கிவிடலாமா என்று அந்நாட்டு அரசே 2024 டிசம்பரில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது.

இந்தியச் சட்டத்திலும் இதற்கு ஓர் உறவுக்காரப் பிரிவு 1994 திருத்தத்தில் வந்தது. கணினி உருவாக்கிய இலக்கிய, நாடக, இசை, கலைப் படைப்பு என்றால், அது உருவாகக் காரணமான நபரே ஆசிரியர். "காரணமான நபர்" யார்? ப்ராம்ப்ட் எழுதியவரா, மென்பொருளைச் செய்த நிறுவனமா? பிரிவு இதைச் சொல்வதில்லை. அதோடு, ஆசிரியர் யார் என்று கண்டுபிடித்தால் மட்டும் போதாது. படைப்பு சுயமானது என்றும் நிறுவ வேண்டும். இந்த இரண்டாவது படியை வாட்ஸ்அப் சட்ட வல்லுநர்கள் மறந்துவிடுகிறார்கள். இலங்கையின் 2003 அறிவுசார் சொத்துச் சட்டமோ, படைப்பை உருவாக்கிய இயற்கை மனிதரே ஆசிரியர் என்று நேராகவே சொல்லிவிடுகிறது.

சீனாவில் 2023 நவம்பரில் பெய்ஜிங் இணைய நீதிமன்றம் எதிர்த்திசையில் போனது. ஒருவர் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற ஏஐ படக் கருவியில் உருவாக்கிய பெண்ணின் படத்தை இன்னொருவர் வாட்டர்மார்க்கை நீக்கி, தன் கவிதைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். ப்ராம்ப்ட் வார்த்தைகளையும் அளவீடுகளையும் மாற்றி மாற்றி அமைத்ததில் உருவாக்கியவரின் அறிவு உழைப்பு இருக்கிறது என்று சொல்லி, அவருக்குப் பதிப்புரிமை உண்டு என்றது நீதிமன்றம். நட்டஈடு 500 யுவான். தொகை சின்னது, தீர்ப்பு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதே நாட்டில் பிறகு ஜாங்ஜியாகாங் நீதிமன்றம், பட்டாம்பூச்சி வடிவ நாற்காலிப் படங்கள் பற்றிய வழக்கில் உரிமையை மறுத்தது. உருவான விதத்தைக் காட்டும் பதிவுகளை உரிமை கேட்டவரால் தர முடியவில்லை.

செக் குடியரசிலும் 2023-இல் இதே கதை. ஒருவர் தன் இணையதளத்துக்காக ஏஐயில் உருவாக்கிய படத்தை ஒரு சட்ட நிறுவனம் எடுத்துக்கொண்டது. "நான்தான் ப்ராம்ப்ட் கொடுத்தேன்" என்ற வாய்ச்சொல்லைத் தவிர உரிமை கேட்டவரிடம் ஆதாரம் இல்லை. பிராக் நீதிமன்றம் மறுத்தது.

உக்ரைன் வேறு வழி பிடித்தது. 2023 முதல் நடப்பில் உள்ள சட்டத்தில், மனிதப் பங்கின்றிக் கணினி நிரல் உருவாக்கியவற்றுக்குப் பதிப்புரிமை இல்லை, ஆனால் 25 ஆண்டு தனி உரிமை ஒன்று உண்டு.

ஒரே படம், இரண்டு நாட்டில் இரண்டு முடிவு என்றெல்லாம் உண்மையில் நடக்குமா?

நடந்திருக்கிறது. இந்திய வழக்கறிஞர் ஒருவர், தான் எடுத்த சூரிய அஸ்தமனப் புகைப்படத்தை ஏஐ செயலியில் கொடுத்து, வான்கோவின் விண்மீன் இரவு ஓவியத்தின் பாணியில் மாற்றினார். செயலியையே இணை ஆசிரியராகக் காட்டி விண்ணப்பித்தார். இந்தியாவில் 2020-இல் பதிவு கிடைத்தது. பிறகு அந்தப் பதிவைத் திரும்பப் பெறப்போவதாக நோட்டீஸ் வந்தது. கனடாவில் 2021-இல் பதிவானது. அதை எதிர்த்து 2024-இல் வழக்கு வந்தது. அமெரிக்கா 2023 டிசம்பரில் மறுத்தது. இதில் கவனிக்க வேண்டியது, மூலப் புகைப்படம் அவர் எடுத்தது. அதன்மேல் அவருக்கு உள்ள உரிமையில் யாருக்கும் சந்தேகமில்லை. வான்கோ பாணி அதன்மேல் எப்படிப் படிந்தது என்பதைச் செயலி தீர்மானித்தது என்பதுதான் அமெரிக்க அலுவலகத்தின் மறுப்பு.

பாதி நான், பாதி ஏஐ என்றால்?

நடைமுறையில் பெரும்பாலானோர் நிற்கும் இடம் இதுதான். உங்கள் பாதிக்கு உரிமை உண்டு. அதன் பாதிக்கு இல்லை.

2022-இல் ஒரு வரைகதைப் புத்தகம் அமெரிக்காவில் பதிவானது. வசனமும் கதையும் ஆசிரியருடையவை, படங்கள் மிட்ஜர்னி. 2023 பிப்ரவரியில் அலுவலகம் பதிவைச் சுருக்கியது: எழுத்துக்கு உரிமை உண்டு, படங்களைத் தேர்ந்து பக்கங்களில் அடுக்கிய விதத்துக்கு உண்டு, தனித்தனிப் படங்களுக்கு இல்லை. அதாவது புத்தகத்தை அப்படியே அச்சடித்தால் நீங்கள் தடுக்கலாம். ஏழாம் பக்கத்துப் படத்தை மட்டும் வெட்டி எடுத்து டீசர்ட்டில் போட்டால் அந்தப் பதிவை வைத்துத் தடுப்பது கடினம்.

இன்னொரு பக்கம், 2025 ஜனவரியில் ஒரு படத்துக்குப் பதிவு கிடைத்தது. உடைந்த கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்தது போன்ற பெண் முகம், நெற்றியில் மூன்றாவது கண், தலைமேல் உருகி வழியும் ஒரு துண்டுச் சீஸ். ஏஐ கொடுத்த முதல் படத்தில் இடம் இடமாகக் குறித்து, அந்தப் பகுதியை மட்டும் மறுபடி உருவாக்கவைத்து, வந்ததில் ஒன்றைத் தேர்ந்து, மறுபடி வேறு இடம் குறித்து என்று சுமார் 35 முறை திருத்தியிருந்தார்கள். துண்டுகளைத் தேர்ந்து சேர்த்து அடுக்கிய விதத்துக்கு உரிமை கிடைத்தது. சீஸ் துண்டுக்குத் தனியாக அல்ல.

ஏஐ நிறுவனத்தின் விதிமுறையில் "வெளியீடு உங்களுக்கே சொந்தம்" என்று இருக்கிறதே?

அது உங்களுக்கும் நிறுவனத்துக்கும் உள்ள ஒப்பந்தம். "எங்களுக்கு இதில் ஏதாவது உரிமை இருந்தால் உங்களுக்குக் கொடுத்துவிட்டோம்" என்றுதான் அதற்குப் பொருள். இல்லாத உரிமையை யாரும் கொடுக்க முடியாது. மூன்றாம் நபர் உங்கள் படத்தை எடுத்துக்கொண்டால், நிறுவனத்தின் விதிமுறையைக் காட்டி அவரை ஒன்றும் செய்ய முடியாது. அவர் அதில் கையெழுத்துப் போடவில்லை.

வாடிக்கையாளருக்கு வேலை செய்பவர்கள் இதைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். "முழுப் பதிப்புரிமையையும் ஒப்படைக்கிறேன், இது என் சுயமான படைப்பு" என்று ஒரு வரி வழக்கமான ஒப்பந்தங்களில் இருக்கும். லோகோவை ஏஐயில் செய்துவிட்டு அதில் கையெழுத்துப் போட்டால், உங்களிடம் இல்லாததை விற்கிறீர்கள். ஏஐ பயன்படுத்தியதை முன்பே சொல்லி அந்த வரியை மாற்றி எழுதச் சொல்லுங்கள். லோகோவைப் பொறுத்தவரை ஒரு மாற்று வழியும் உண்டு: வணிகச் சின்னப் பதிவு. அதற்கு யார் வரைந்தது என்பது முக்கியமில்லை. வணிகத்தை அடையாளம் காட்டுகிறதா என்பதுதான் முக்கியம்.

ஏஐயை வைத்து ஒரு நாவலை மொழிபெயர்த்தேன். அது என்னுடையதா?

மொழிபெயர்க்கும் உரிமை மூல ஆசிரியருடையது. ஏஐ செய்தாலும் கையால் செய்தாலும் அனுமதி வேண்டும். "இயந்திரம்தானே செய்தது" என்பது சாக்கு ஆகாது.

அனுமதி இருக்கிறது, அல்லது மூலத்தின் உரிமைக்காலம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஏஐ கொடுத்த மொழிபெயர்ப்பை அப்படியே வெளியிட்டால், படத்துக்குச் சொன்னதுதான் இதற்கும். வரிக்கு வரி உட்கார்ந்து திருத்தினால் அந்தத் திருத்தங்கள் உங்களுடையவை. நடைமுறையில், நல்ல மொழிபெயர்ப்பாளர் கைவைத்தால் பத்தியில் ஒரு வாக்கியம்கூடப் பழையபடி மிஞ்சாது. அப்படிச் செய்தவருக்குக் கவலை வேண்டாம். ஒற்றுப்பிழை மட்டும் திருத்தியவர்தான் யோசிக்க வேண்டும்.

ஏஐ கொடுத்தது ஏற்கெனவே உள்ள ஒருவரின் படைப்பைப் போலவே இருந்தால் மாட்டிக்கொள்வது யார்?

படைப்புக்கு உரிமை இல்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்று ஆகாது. வெளியிட்டவர் நீங்கள், உரிமையாளர் உங்கள் கதவைத்தான் முதலில் தட்டுவார். "எனக்கே தெரியாது, ஏஐ கொடுத்தது" என்பது நட்டஈட்டைக் குறைக்கலாம், மீறலை இல்லாமல் ஆக்குவது அரிது.

சேவை நடத்துபவரும் மாட்டலாம். 2024 பிப்ரவரியில் குவாங்சோ இணைய நீதிமன்றம், ஜப்பானின் அல்ட்ராமேன் பாத்திரத்தைப் போலவே படம் தந்த ஒரு ஏஐ சேவையைப் பொறுப்பாக்கி 10,000 யுவான் கட்டச் சொன்னது. 2025 நவம்பரில் மியூனிக் நீதிமன்றம், ஒன்பது ஜெர்மன் பாடல்களின் வரிகளை மாடல் (ஏஐக்குள் இயங்கும், பயிற்சி பெற்ற நிரல்) மனப்பாடம் செய்து திருப்பிச் சொல்வது மீறல்தான் என்று சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ மீது தீர்ப்பளித்தது. அதற்கு ஒரு வாரம் முன்பு லண்டன் உயர் நீதிமன்றம், ஸ்டேபிள் டிஃப்யூஷன் மாடல் படங்களைத் தனக்குள் சேமித்து வைக்கவில்லை, ஆகவே அந்த மாடலே ஒரு "மீறல் நகல்" ஆகாது என்றிருந்தது. மாடலுக்குள் நகல் இருக்கிறதா இல்லையா என்பதில் நீதிபதிகளுக்குள்ளேயே இன்னும் ஒத்த கருத்து இல்லை.

ஓர் ஓவியரின் பாணியில் வரையச் சொல்வது தவறா?

பாணிக்குப் பதிப்புரிமை இல்லை. குறிப்பிட்ட ஓவியத்தையோ பாத்திரத்தையோ நகலெடுத்தால்தான் மீறல். உயிரோடு இருக்கும் ஓவியரின் பெயரைப் போட்டு அவர் பிழைப்பில் கைவைப்பது நாகரிகமா என்பது சட்டத்துக்கு வெளியே உள்ள கேள்வி. என் பதில் இல்லை என்பதே.

குரல்?

குரலுக்கும் பதிப்புரிமை கிடையாது. பாட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் உண்டு. ஆனால் ஒருவரின் பெயர், முகம், குரலைப் பிறர் அனுமதியின்றிப் பயன்படுத்தாமல் காக்கும் ஆளுமை உரிமை என்று ஒன்று இருக்கிறது. 2024-இல் மும்பை உயர் நீதிமன்றம், பாடகர் அரிஜித் சிங்கின் குரலை ஏஐ கருவிகளில் அனுமதியின்றிப் போலி செய்வதற்குத் தடை போட்டது. அதே ஆண்டு ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களை ஏஐ மூலம் ஒரு திரைப்பாடலில் பயன்படுத்தியபோது, குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். வழி தெரியாதவர்களுக்கு அது ஒரு வழி.

என் எழுத்தை எடுத்து ஏஐக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்களே, அது சட்டப்படி சரியா?

இந்தக் கேள்விக்குத்தான் கோடிக்கணக்கில் பணம் புரள்கிறது.

ஜப்பான் 2018-இல் சட்டத்தைத் திருத்தி, படைப்பை ரசிப்பதற்காக அல்லாமல் தரவு ஆய்வு போன்றவற்றுக்காகப் பயன்படுத்துவதைப் பெருமளவு அனுமதித்தது. உரிமையாளரின் நலனை நியாயமின்றிக் கெடுக்கக் கூடாது என்பது வரம்பு. சிங்கப்பூரும் 2021-இல் இதையொத்த விலக்கைக் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் நடுவழி பிடித்தது: எடுக்கலாம், ஆனால் உரிமையாளர் "என்னுடையதை எடுக்காதே" என்று கணினி படிக்கும் வடிவில் அறிவித்திருந்தால் கூடாது. மறுப்புச் சொல்ல வேண்டிய வேலை எழுத்தாளர் தலையில் விழுகிறது என்பது இதிலுள்ள குறை.

அமெரிக்காவில் எல்லாம் "நியாயமான பயன்பாடு" (அனுமதியின்றி எடுத்தாலும் சில சூழல்களில் மீறல் ஆகாது என்ற விதிவிலக்கு) என்ற ஒரே கயிற்றில் தொங்குகிறது. 2025 ஜூனில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனத்துக்கு எதிரான எழுத்தாளர்கள் வழக்கில் நீதிபதி விஷயத்தை இரண்டாகப் பிரித்தார். புத்தகங்களைக் கொண்டு மாடலுக்குப் பயிற்சி கொடுத்தது நியாயமான பயன்பாடு. காசு கொடுத்து வாங்கிய புத்தகங்களை ஸ்கேன் செய்ததும் சரி. ஆனால் திருட்டு நூலகத் தளங்களிலிருந்து லட்சக்கணக்கான நூல்களை இறக்கிச் சேர்த்து வைத்தது நியாயமில்லை. அந்த இரண்டாவது பகுதி 150 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது; ஒரு நூலுக்குச் சுமார் 3,000 டாலர். அதே வாரத்தில் மெட்டா வழக்கில் இன்னொரு நீதிபதி நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தாலும், எழுத்தாளர்கள் தங்கள் சந்தை பாதிக்கப்படுவதைச் சரியாக வாதிடவில்லை என்பதால்தான் தோற்றார்கள் என்று சொல்லிவைத்தார்.

இந்தியாவில் செய்தி நிறுவனமான ஏஎன்ஐ 2024 நவம்பரில் ஓப்பன்ஏஐ மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2025 டிசம்பரில் அரசு அமைத்த குழு ஒன்று, பயிற்சிக்கு எடுப்பதைத் தடுக்க முடியாது, ஆனால் நிறுவனங்கள் கட்டாயமாக ராயல்டி கட்ட வேண்டும் என்ற யோசனையை முன்வைத்தது. காசு வரும் என்பது நல்ல செய்தி. வேண்டாம் என்று சொல்லும் உரிமை போய்விடும் என்பதையும் கவனியுங்கள்.

ஏஐ பயன்படுத்தியதை வெளியே சொல்ல வேண்டுமா?

அமெரிக்காவில் பதிவு செய்தால் சொல்லியாக வேண்டும். 2023 மார்ச் முதல் இதுதான் விதி. எழுத்துப்பிழை பார்த்ததையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை, குறிப்பிடத்தக்க பகுதி என்றால் மட்டும். அமேசானின் கிண்டில் பதிப்புச் சேவையும் 2023 செப்டம்பரிலிருந்து இதைக் கேட்கிறது. கருத்துக் கேட்டீர்கள், வாக்கியத்தைச் செப்பனிடச் சொன்னீர்கள் என்றால் அது உதவி, அங்கே அறிவிக்க வேண்டாம். வாக்கியத்தையே அது எழுதியிருந்தால், பிறகு எவ்வளவு திருத்தியிருந்தாலும் அறிவிக்க வேண்டும்.

சரி, என் பங்கைக் காட்ட நான் எதையெல்லாம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்?

கையால் போட்ட முதல் கோட்டோவியம், கதைக் குறிப்பு, ப்ராம்ப்ட் வரலாறு, நிராகரித்த படங்கள், லேயர்கள் பிரிந்திருக்கும் மூலக் கோப்பு, திருத்தங்கள் தெரியும் வேர்ட் கோப்பு. எல்லாம் தேதியோடு. பலர் இறுதிப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுகிறார்கள். பிராக்கிலும் ஜாங்ஜியாகாங்கிலும் இல்லாமல் போனது அந்த மற்றதுதான். சீஸ் படத்துக்காரர்களுக்கு முதலில் மறுப்பு வந்தது. திருத்தம் ஒவ்வொன்றும் நடந்த விதத்தைக் காட்டும் வேகக் காணொளியைக் கொடுத்த பிறகுதான் பதிவு கிடைத்தது. திரையைப் பதிவு செய்ய ஒரு பொத்தான் போதும்.

ஏஐ பங்கைச் சொல்லாமல் ஏற்கெனவே பதிவு செய்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

அமெரிக்கப் பதிவு என்றால் துணைப் பதிவு ஒன்று போட்டு, எது உங்களுடையது, எது ஏஐ கொடுத்தது என்று திருத்திக்கொள்ளலாம். அவர்களே கண்டுபிடிக்கும்வரை காத்திருந்தால் முழுப் பதிவும் ரத்தாகும் வாய்ப்பு இருக்கிறது. மேலே சொன்ன வரைகதையில் படங்கள் மிட்ஜர்னியுடையவை என்பது விண்ணப்பத்திலிருந்து தெரியவில்லை. ஆசிரியரே சமூக ஊடகத்தில் பெருமையாகப் போட்ட பதிவுகளைப் பார்த்துத்தான் அலுவலகம் தெரிந்துகொண்டது.